எலுமிச்சம்பழமும் திருப்புகழும்

மார்கழி பிறந்துவிட்டால் சென்னைப் பட்டணத்தில் சங்கீதத்துக்குக் குறைவில்லை. குறைவெல்லாம் நாற்காலிக்குத்தான். சபைகளின் வாசலில் டிக்கட்டு, உள்ளே வரிசை எண், வரிசைக்கு ஏற்ற விலை. இதைப் பழிப்பது நமது நோக்கமன்று. வித்துவானும் சாப்பிட வேண்டும். சபையும் வாடகை கொடுக்க வேண்டும். ஆயினும் அதே மார்கழியில், ஆங்கில வருஷம் முடிகிற டிசம்பர் 31-ஆம் தேதி, சென்னையிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர் தொலைவில், திருவள்ளூர் ஜில்லாவின் வடமேற்கு மூலையில், ஒரு மலைச்சரிவில் வேறொரு சங்கீத விழா நடக்கிறது. அதற்கு மேடை இல்லை, டிக்கட்டு இல்லை, தலைமை வகிப்பவரும் இல்லை. நூறு ஆண்டுகளுக்கு மேலாக அது நடந்து வருகிறது. பக்தர் கூட்டத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் ஒரு பத்திச் செய்தி வருவதுண்டு. சங்கீத விமர்சகர் எவரும் அங்கே போய் எழுதியதாக நாம் படித்ததில்லை.

திருத்தணிகையின் திருப்புகழ்த் திருப்படித் திருவிழாவைத்தான் சொல்லுகிறோம். வழக்கில் படி உற்சவம் என்பார்கள். அடிவாரத்திலிருந்து முருகன் சந்நிதிக்கு 365 படிகள். வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை. படிக்கு மஞ்சள் குங்குமம் இட்டு, கற்பூரம் ஏற்றி, ஒரு திருப்புகழ் பாடி, அடுத்த படியில் கால் வைப்பது முறை. பஜனைக் கோஷ்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக இப்படி ஏறுகின்றன. நள்ளிரவில் மலைமேல் விசேஷ பூஜை நடந்து புதுவருஷம் பிறக்கிறது.

ஆங்கில வருஷப் பிறப்புக்கும் தணிகை முருகனுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கிறார்கள். சித்திரை முதல் நாள் இருக்க ஜனவரி முதல் தேதியைக் கொண்டாடுவது அடிமைப் புத்தி என்பது அவர்கள் கட்சி. விழா பிறந்த கதையை அறிந்தால் அவர்களே இந்த விழாவுக்கு முதலில் புறப்படுவார்கள் என்பது நமது எண்ணம்.

1917-ஆம் ஆண்டை நேயர்கள் நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். ஐரோப்பாவில் மகாயுத்தம் நடந்துகொண்டிருந்தது. சுயாட்சி கேட்ட அன்னி பெசன்ட் அம்மையாரை ஜூன் மாதத்தில் காவலில் வைத்து, செப்டம்பரில் விடுவித்திருந்தார்கள். ஆகஸ்டு மாதத்தில் பொறுப்பாட்சியைப் பற்றிப் பிரகடனம் செய்த மாண்டேகு, டிசம்பரில் சென்னைக்கே வந்திருந்தார். அவரைக் கண்டு மனுக் கொடுக்கப் பிரமுகர்களின் தூதுக் கோஷ்டிகள் வரிசையில் நின்றன. அது பெரிய மனிதர்களின் வரிசை. சின்ன மனிதர்களுக்கும் ஒரு வரிசை இருந்தது. ஜனவரி முதல் தேதி விடிந்தால், குமாஸ்தாக்களும் ஊர்ப் பிரமுகர்களும் மாலையும் எலுமிச்சம்பழமும் கையில் ஏந்தித் துரையின் பங்களா வாசலில் காத்து நிற்பார்கள். துரை வெளியே வந்து பழத்தைத் தொட்டுத் தலையசைத்தால் அந்த வருஷம் நல்ல வருஷம்.

இந்தக் காட்சி ஒரு துறவிக்குப் பொறுக்கவில்லை. அவர் வள்ளிமலைச் சச்சிதானந்த சுவாமிகள். 1870-ல் கொங்கு நாட்டில் பிறந்தவர். பூர்வாசிரமத்தில் அர்த்தநாரி என்று பெயர். மைசூர் அரண்மனையில் சமையல் தொழில் பார்த்தவர். பழனியில் திருப்புகழைக் கேட்டு அதிலேயே கரைந்து, துறவு பூண்டு, வள்ளிமலையில் வந்து தங்கினார். பெரிய பள்ளிப்படிப்பு இல்லாத அந்த மனிதர் ஊர் ஊராகத் திருப்புகழைப் பரப்பியதுபோலப் பண்டிதர்களால் பரப்ப முடியவில்லை. துரைகளுக்கெல்லாம் துரை தணிகைமலைமேல் இருக்கும்போது வேறு துரையை ஏன் தேடிப் போகவேண்டும், வருஷப் பிறப்பன்று திருப்புகழ் பாடிக்கொண்டு அவனையே முதலில் போய்ப் பாருங்கள் என்பது அவர் ஜனங்களுக்குச் சொன்னதன் சாரம். 1917 டிசம்பர் 31-ஆம் தேதி முதல் கோஷ்டி படியேறியது.

இந்த யுக்தியை ஒரு வக்கீலின் கண்ணோடு பார்க்கும்போது நமக்கு ஆனந்தம் இரட்டிப்பாகிறது. சுவாமிகள் யாரையும் வைதாரில்லை. எந்தச் சட்டத்தையும் மீறினாரில்லை. ராஜத்துரோகத்துக்கு ஏற்பட்ட 124-ஏ பிரிவை எவ்வளவுதான் இழுத்து நீட்டினாலும், ஜால்ராவும் கையுமாக மலையேறுகிற ஒரு பஜனைக் கோஷ்டியை அதற்குள் அடைக்க முடியாது. துரைக்குப் போக வேண்டிய வணக்கம் மட்டும் மெல்ல இடம் மாறிற்று. தேதி வெள்ளைக்காரனுடையதாகவே இருந்தது. அதை எடுத்துத் தம் காரியத்துக்கு உபயோகித்துக்கொண்டார்.

திருப்புகழ் ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்ததற்கும் கோர்ட்டுக் கச்சேரிக்கும் ஒரு சம்பந்தம் உண்டு என்பதைப் பலர் அறியார். சிதம்பரம் தீட்சிதர்கள் சம்பந்தமான ஒரு வழக்கில் தங்கள் கட்சிக்கு ஆதாரமாக ஒரு திருப்புகழ்ப் பாட்டை அவர்கள் எடுத்துக் காட்டினார்கள். மஞ்சக்குப்பத்தில் உத்தியோகம் பார்த்துவந்த வடக்குப்பட்டு சுப்பிரமணிய பிள்ளை, இது நடந்த 1871-ல் அந்தப் பாட்டின் அழகில் ஈடுபட்டார். இத்தகைய பாட்டு இன்னும் எத்தனை ஏட்டில் மறைந்து கிடக்கிறதோ என்று தேடப் புறப்பட்டார். பின்னாளில் ஜில்லா முன்சீபாக இருந்தபோதும் தேடல் ஓயவில்லை. 1890-களின் நடுவில் முதற் பாகத்தையும், சில ஆண்டுகள் கழித்து இரண்டாம் பாகத்தையும் அச்சிட்டார். ‘தணிகைமணி’ என்று தமிழுலகம் போற்றிய செங்கல்வராய பிள்ளை அவருடைய புதல்வர். தந்தை சேர்த்ததைப் பதிப்பித்து உரையும் எழுதியவர். அருணகிரிநாதர் பதினாயிரக்கணக்கில் பாடியதாக ஐதிகம். கைக்குக் கிடைத்தவை சுமார் 1,300. அந்த அச்சுப் புத்தகம் இல்லாவிட்டால் 1917-ல் கோஷ்டிகளின் கையில் என்ன இருந்திருக்கும்? கட்சிக்காரர்கள் தாக்கல் செய்த எத்தனையோ தஸ்தாவேஜுகளை நாமும் பார்த்திருக்கிறோம். இப்படி ஒரு இலக்கியத்தையே மீட்டுக் கொடுத்த தஸ்தாவேஜு வேறொன்று நமக்குத் தெரியாது.

சென்ற படி உற்சவத்துக்கு நண்பர்களுடன் போயிருந்தோம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புப் பட்டறை வைத்திருப்பவர் ஒருவர். திருவள்ளூரில் வைத்தியம் செய்பவர் ஒருவர். எங்கள் மூவருக்கும் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்த ஆசிரியர். பட்டறை நண்பர் தம்மிடம் வேலை செய்யும் ஒடிசா இளைஞன் ஒருவனையும் அழைத்து வந்திருந்தார். கும்மிடிப்பூண்டி கூடூர் மார்க்கத்தில் இருக்கிறது. திருத்தணி அரக்கோணம் தாண்டி ரேணிகுண்டா மார்க்கத்தில் இருக்கிறது. இரண்டும் ஒரே ஜில்லாவாயினும் ரயிலில் போவதானால் சென்னைக்கு வந்து வண்டி மாறத்தான் வேண்டும். அவர்கள் இருவரும் அப்படியே வந்து திருவள்ளூரில் எங்களோடு சேர்ந்துகொண்டார்கள்.

சரவணப் பொய்கையைத் தாண்டிப் படியடிக்கு வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. மலைமேல் வாகனம் போகப் பாதை உண்டு. ஆசிரியருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டதால் அந்தப் பாதையில் போகலாமா என்று டாக்டர் மெதுவாகக் கேட்டார். “நீ நாடி பிடிக்க வந்தாயா, பாட வந்தாயா?” என்று ஐயா கேட்டார். டாக்டர் பேசாமல் படியேறினார்.

முதல் இருபது படிகளிலேயே ஒரு விஷயம் புலப்பட்டுவிடுகிறது. இங்கே கேட்கிறவன் என்று தனியாக ஒருவன் இல்லை. முன்னே நாலு பேர் அடியெடுத்துக் கொடுக்கிறார்கள். பின்னே ஐம்பது பேர் வாங்கிக்கொள்கிறார்கள். ஒரு கோஷ்டியில் மிருதங்கம், அடுத்ததில் டோலக்கு, அதற்கு அடுத்ததில் வெறும் கைத்தட்டு. ஒருவர் சுருதி இன்னொருவருக்குச் சேரவில்லை. மேல்படியில் ஒரு ராகமும் கீழ்ப்படியில் ஒரு ராகமும் மோதிக்கொள்கின்றன. சபையில் இதைக் கேட்டால் எழுந்து போய்விடுவோம். மலைச்சரிவில், கற்பூரப் புகையில், அது ஒரு பெரிய தேர் நகர்கிற ஓசைபோல இருக்கிறது. தெலுங்கு பேசும் கோஷ்டிகளும் தங்கள் பாஷையில் பாடிக்கொண்டு எங்களோடு ஏறின.

இத்தனை பேர் ஒத்திகையில்லாமல் எப்படிச் சேர்ந்து பாட முடிகிறது என்று பட்டறை நண்பர் வியந்தார். ஐயா ஒரு படியில் உட்கார்ந்து விளக்கினார். திருப்புகழுக்கு அருணகிரிநாதர் காலத்து மெட்டு எதுவும் நமக்கு வந்து சேரவில்லை. ஆனால் தாளம் அழியவில்லை. ஏனென்றால் அது பாட்டின் எழுத்திலேயே இருக்கிறது. குறில் நெடில், வல்லினம் மெல்லினம் எல்லாம் ஒரு கணக்கில் அடுக்கப்பட்டு ‘தனதன தானன’ என்ற சந்தமாக ஓடுகின்றன. ஒவ்வொரு அடியின் முடிவிலும் ‘தனதான’ என்று தொங்கல் ஒன்று வரும். அந்தத் தொங்கலில் எல்லோரும் வந்து கூடிவிடலாம். மெட்டு அவரவர் இஷ்டம். சந்தம் கவியின் கட்டளை. காஞ்சீபுரம் நயினாப் பிள்ளை போன்ற லயச் சிங்கங்கள் திருப்புகழைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுபோய்ப் பெரிய தாளங்களில் பாடிக் காட்டியது இந்தக் கணக்கின் பலத்தைக் கொண்டுதான். அதே கணக்கைப் பிடித்துக்கொண்டு எழுத்தறியாதவரும் ஏறிவிடுகிறார் என்பதே படி உற்சவத்தின் ரகசியம்.

இதற்கு ருசு உடனே கிடைத்தது. ஒடிசா இளைஞனுக்கு வார்த்தை ஒன்றும் தெரியாது. பக்கத்துக் கோஷ்டிக்காரர் ஒருவர் அவன் கையில் ஒரு ஜோடி ஜால்ராவைக் கொடுத்துவிட்டார். இரண்டு பாட்டு முடிவதற்குள் அவன் தொங்கலைப் பிடித்துவிட்டான். அங்கே தங்கள் கிராமத்தில் நாமசங்கீர்த்தனம் இரவு பகலாக நடக்கும் என்றும், ஜால்ரா தனக்குப் புதிதல்ல என்றும் பிறகு எஜமானரிடம் சொன்னானாம். “இரண்டு வருஷமாக என்னிடம் ஷிப்டு பார்க்கிறான், ஐயா. இவனுக்குப் பாட்டு தெரியும் என்பது இன்றைக்குத்தான் எனக்குத் தெரிகிறது” என்று நண்பர் ஆசிரியரிடம் சொன்னார்.

நூற்றைம்பதாவது படிக்குச் சமீபத்தில் வேறொரு கோஷ்டி வந்துகொண்டிருந்தது. எந்த ஊர் என்பது இங்கே வேண்டாம். மின்கலத்தில் ஓடும் ஒலிபெருக்கிப் பெட்டியொன்றைச் சக்கரத்தில் வைத்து, படிக்குப் படி இரண்டு பேர் தூக்கி வைத்தார்கள். ஒருவர் கையில் மைக். அவர் பாடினார், நல்ல சாரீரம்தான். பின்னால் வந்த இருபது முப்பது பேரும் வாய்மூடி நடந்தார்கள். அவர்களுடைய பெட்டியின் முழக்கத்தில் எங்கள் பக்கத்திலிருந்த இரண்டு கோஷ்டிகளுக்குச் சந்தம் தவறி, அவர்களும் பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்க ஆரம்பித்தார்கள். பெட்டி ஒன்று; அது ஊமையாக்கியது நூறு பேரை. கால்மணி நேரம் கழித்து மின்சாரம் தீர்ந்து பெட்டி கறகறத்து நின்றது. மைக் பிடித்தவர் திகைத்தார். பின்னாலிருந்து ஒரு மூதாட்டி, யாரையும் கேளாமல், விட்ட அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். முப்பது பேரும் பாடினார்கள். அவ்வளவு பேருக்கும் பாட்டு மனப்பாடமாக இருந்தது என்பதுதான் எங்களை அதிரவைத்தது.

மேலே உட்கார்ந்து இளைப்பாறியபோது பட்டறை நண்பர், “சங்கீதமெல்லாம் உங்கள் மேற்குப் பக்கத்தோடு சரி, எங்கள் கிழக்குப் பக்கத்தில் இரும்பும் புகையும்தான்” என்றார். இது ஜில்லாவாசிகள் பலருடைய அபிப்பிராயம், தவறான அபிப்பிராயம். கும்மிடிப்பூண்டியிலிருந்து தெற்கே வரும் ஆலைப் பிரதேசத்தின் மறுகோடியில் இருக்கும் மணலி, பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலையால் இன்று பெயர் பெற்றது. அந்த மணலியின் முத்துகிருஷ்ண முதலியார் ஆதரவில்தான் ராமசுவாமி தீட்சிதரின் குடும்பம் வாழ்ந்தது. முத்துசுவாமி தீட்சிதர் வளர்ந்ததும் அங்கேதான். ஜார்ஜ் கோட்டையில் கும்பினியாரின் பேண்டு வாத்தியத்தைக் கேட்டு, அந்த மெட்டுக்களுக்கு அவர் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார், அவைதான் நோட்டுஸ்வரங்கள். பிரிட்டிஷ் ராஜகீதத்தின் மெட்டும் அவற்றுள் ஒன்று. அரசனை வாழ்த்திய மெட்டில் தீட்சிதர் அம்பிகையைப் பாடிவிட்டார். சுவாமிகள் ஜனவரி முதல் தேதியைச் செய்ததைத் தீட்சிதர் அந்த மெட்டைச் செய்தார் என்று சொல்லத் தோன்றுகிறது. மணலிக்கு அடுத்த திருவொற்றியூரில் வீணை குப்பையர் இருந்தார்; அவருடைய குருவான தியாகராஜ சுவாமிகள் அங்கே வந்து திரிபுரசுந்தரியின்மேல் ஐந்து கீர்த்தனங்கள் பாடினார். இவ்விரண்டு ஊர்களும் அண்மைக் காலம் வரை நம் ஜில்லாவைச் சேர்ந்தவையே.

தீட்சிதரின் முதற் கீர்த்தனம் பிறந்ததோ இதே தணிகைமலையில். முருகன் முதியவராக வந்து வாயில் கற்கண்டு இட்டதாகவும், உடனே மாயாமாளவகௌளையில் ‘ஸ்ரீநாதாதி குருகுஹோ’ என்று பாடியதாகவும் சம்பிரதாயம். ‘குருகுஹ’ என்ற முத்திரை அவருக்கு இங்கே கிடைத்தது. அதாவது, கர்நாடக சங்கீதத்தின் மும்மூர்த்திகளில் ஒருவர் வாய் திறந்த இடம் ஒரு திறந்தவெளி.

தமிழிசைக்காக அண்ணாமலை நகரில் மாநாடு கூடியது 1941-ல். சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது 1943-ல். அதற்கெல்லாம் கால் நூற்றாண்டு முன்பே, எந்தத் தீர்மானமும் நிறைவேற்றாமல், தணிகைப் படிகளில் தமிழ்ப்பாட்டு ஏறிக்கொண்டிருந்தது. அந்தப் படிகளே ஒரு காலத்தில் நம்மிடம் இல்லை என்பதையும் இளைஞர்கள் அறியவேண்டும். 1911-ல் சித்தூர் ஜில்லா அமைந்தபோது திருத்தணி அதில் சேர்ந்தது. 1953-ல் ஆந்திர ராஜ்யம் பிரிந்தபோது அதனோடு போயிற்று. மங்கலங்கிழாரும் ம. பொ. சிவஞான கிராமணியாரும் வடக்கெல்லைக்காகப் போராடினார்கள். பலர் சிறை சென்றார்கள். படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குத் திரும்பிற்று. இடைப்பட்ட ஆண்டுகளிலும் டிசம்பர் 31 வரத்தான் செய்தது. கோஷ்டிகள் அடுத்த ராஜ்யத்துக்குப் போய்த் திருப்புகழ் பாடித் திரும்பின.

இலவச சங்கீத விழாக்கள் வேறு இல்லாமலில்லை. திருவையாற்றில் காவேரிக்கரைப் பந்தலில் தியாகராஜ ஆராதனைக்கு யாரும் போய் உட்காரலாம். 2007-ல் சென்னை சங்கமம் பூங்காக்களிலும் கடற்கரையிலும் கிராமியக் கலைகளைக் கொண்டுவந்து நிறுத்தியது. 2015-ல் பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில், மீனவர் தெருவிலேயே விழா தொடங்கிற்று. மூன்றும் நல்ல காரியங்கள். எனினும் மூன்றிலும் மேடை உண்டு. மேடைக்கு எதிரே ஜனங்கள் உண்டு. ஆராதனையில் பஞ்சரத்தினம் பாடும் நேரம் மட்டும் இதற்கு விலக்கு. மேடையே இல்லாத விழா தணிகையில் இருக்கிறது. அதற்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால், கையில் தூக்கிச் செல்லும் மேடையைக் கொண்டு போனதாகத்தான் பொருள்.

சட்டமும் இதில் நம் பக்கம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் சத்தக் கட்டுப்பாட்டு விதிகள் திறந்தவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. பண்டிகைக் காலங்களில் நள்ளிரவு வரை ராஜ்ய சர்க்கார் தளர்த்தலாம். அதுவும் வருஷத்தில் 15 நாளுக்கு மேற்படாமல். அதே 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில், மாதவரம் நெடுஞ்சாலைப் பக்கத்துப் பிரார்த்தனைச் சபை ஒன்றுக்கும் குடியிருப்போர் சங்கத்துக்கும் நடந்த வழக்கில், ஒலிபெருக்கி வைத்துத்தான் தொழவேண்டும் என்று எந்த மதமும் விதிக்கவில்லை என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. எல்லா மதத்தினருக்கும் அந்தத் தீர்ப்பு ஒன்றே. ஆனால் சட்டத்தைக் காட்டி இந்த விழாவைத் திருத்த நமக்கு ஆசையில்லை. சட்டம் பத்து மணிக்குத்தான் விழிக்கிறது. கோஷ்டிகளோ பொழுதோடு படியேறத் தொடங்கிவிடுகின்றன. முதற்படியிலிருந்து 365-ஆம் படிவரை மைக் வேண்டாம் என்று பஜனைக் கோஷ்டியார் தங்களுக்குள் ஒரு முடிவுக்கு வந்தால் போதும். கீழே கடைத்தெருவில் புதுவருஷக் கொண்டாட்டக்காரர்கள் வைக்கும் சினிமாப் பாட்டை மலைமேல் கேட்கும் முப்பது தொண்டைகளே விழுங்கிவிடும். அன்றிரவு அது எங்கள் காதால் கேட்ட உண்மை.

பாட்டு தெரியாமல் வருகிறவர்களுக்கு என்ன வழி என்று ஐயாவிடம் கேட்டோம். தணிகைத் திருப்புகழில் எளிய சந்தங்களாக முப்பது பாட்டைத் தேர்ந்து, பெரிய எழுத்தில், ஒவ்வொரு பாட்டின் தலையிலும் சந்தக் குறிப்போடு, சட்டைப்பையில் அடங்கும் சிறு புத்தகமாக அச்சிட்டுப் படியடியில் கொடுக்கவேண்டும் என்றார். தேர்வையும் பிழை பார்ப்பதையும் தாமே ஏற்றுக்கொண்டிருக்கிறார். காகிதச் செலவைப் பட்டறை நண்பரும் டாக்டரும் பகிர்ந்துகொள்கிறார்கள். அச்சுக்கூலி வாங்காமல் அச்சிட்டுத் தர நமது அச்சகம் சித்தமாயிருக்கிறது. டிசம்பர் 31-ஆம் தேதி பிற்பகலில் அடிவாரத்தில் நின்று அவற்றைக் கொடுக்கத் தொண்டர்கள் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் கார்த்திகை மாதத்துக்குள் நமது காரியாலயத்துக்கு எழுதலாம்.